பில்ட் டிபென்டென்சிகள் முட்டிக்கொண்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பில்ட் விழுந்தால் பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு என்னைக் கூப்பிடாதே என்று எங்கள் அலுவலகத் தம்பியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த பையன். பாட்டனுக்குப் பாட்டன் சென்னையில் கப்பல் ஏறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். தமிழ் எழுத்து அவனுக்குச் சனிக்கிழமை வகுப்பில் வந்தது. ‘அண்ணா, இதையெல்லாம் ஒருநாள் எழுதி வைங்களேன். தமிழ்லயே எழுதுங்க, எனக்கும் படிச்சுப் பழகின மாதிரி இருக்கும்’ என்றான். சரி என்று உட்கார்ந்ததுதான் இது.

எங்கள் வேலை டர்பன் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளில் கரும்பு லாரியை எடை போடும் மென்பொருள். டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ்களுக்கும் பேக்கேஜ் போடுகிறோம். சோர்ஸிலிருந்து அப்படிக் கட்டுவதுதான் பில்ட், அதற்கு முன்கூட்டியே இருக்க வேண்டிய மற்ற பேக்கேஜ்கள்தான் பில்ட் டிபென்டென்சிகள். உபுண்டு என்ற பெயரே எங்கள் தெருவில் காதில் விழும் ஜூலு சொல்தான். டெபியன் ஆட்களும் 2016 ஜூலையில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கூடி ஆண்டு மாநாடு நடத்திவிட்டுப் போனார்கள். இவ்வளவு உறவு இருந்தும், பேக்கேஜ்களை இறக்கிப் போடும் ஆப்ட் எங்களுக்கு எந்தச் சலுகையும் காட்டுவதில்லை.

கட்டளைகளைக் காதில் கேட்கும்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

‘ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ என்று முடிகிறது

பில்டுக்கு வேண்டியதையெல்லாம் இறக்க ஆப்ட்-கெட் பில்ட்-டெப் ஓட்டுகிறீர்கள். பத்துப் பதினைந்து வரி ஓடிய பிறகு, பிரச்சினையைச் சரி செய்ய முடியவில்லை, நீங்கள் உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று முடிக்கிறது. புதியவர்கள் உடனே எதைப் பிடித்து வைத்தோம் என்று தேடப் போவார்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தால் நல்லது, அந்தப் பிடியை அன்ஹோல்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், கதை முடிந்தது. வராவிட்டால் அந்தக் கடைசி வரியை மறந்துவிடுங்கள். ‘என்னால் தீர்வு காண முடியவில்லை’ என்பதைத்தான் ஆப்ட் அப்படிச் சொல்கிறது. அதற்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

படிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் ‘டிபென்ட்ஸ்’ வரி. அந்த வரி மூன்று விதமாக முடியும். ‘இன்ஸ்டால் ஆகப் போவதில்லை’ என்றால் பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் யாரோ வழிமறிக்கிறார்கள். ‘இன்ஸ்டாலபிள் இல்லை’ என்றால் இருக்கும் ரெப்போக்களில் (பேக்கேஜ் கிடங்குகளில்) அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. ‘இந்த வெர்ஷன்தான் இன்ஸ்டால் ஆகப்போகிறது’ என்று ஓர் எண் வந்தால் பெயர் சரி, வெர்ஷன் தப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கூகுளில் கிடைத்த கட்டளைகளை வரிசையாக அடிப்பவர்களால்தான் எங்கள் பில்ட் மெஷின் இரண்டு முறை புதிதாகப் போடப்பட்டது.

‘இன்ஸ்டால் ஆகப் போவதில்லை’ என்கிறது

உண்மையான சண்டை இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

எங்கள் எடை அனுப்பும் சர்வீஸின் கன்ட்ரோல் ஃபைலில், அதாவது பேக்கேஜுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதும் ஃபைலில், பில்ட்-டிபென்ட்ஸ் என்ற இடத்தில் லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ் இருந்தது. கர்ல் என்பது நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் லைப்ரரி. டெவ் பேக்கேஜ் என்பது ஒரு லைப்ரரியை வைத்து பில்ட் செய்யத் தேவையான ஹெடர் முதலிய ஃபைல்கள். வருடக்கணக்காகப் பிரச்சினை இல்லாமல் ஓடியது. அப்புறம் தம்பி அதில் இன்னொரு வரி சேர்த்தான், நாங்களே எழுதிய ரசீது லைப்ரரியின் டெவ் பேக்கேஜ். அன்று மாலை பில்ட் விழுந்தது. பிழை வரி என்ன சொன்னது? லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ் இன்ஸ்டால் ஆகப் போவதில்லை என்றது. ரசீது லைப்ரரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி இரண்டு மணி நேரம் கர்லைத் துருவிக்கொண்டிருந்தான்.

வரியில் பெயர் வந்த பேக்கேஜ் அடிபட்டவர். அடித்தவர் வேறெங்கோ இருப்பார். கண்டுபிடிக்க நான் செய்வது மிகப் பழைய வேலை: பட்டியலைப் பாதி பாதியாக வெட்டுவது. சுத்தமான ச்ரூட்டுக்குள் (மெஷினுக்குள்ளேயே தனியாகப் பிரித்து வைத்த சின்ன சிஸ்டம்) போய், ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கட்டளையை மைனஸ் எஸ் சேர்த்து ஓட்டுங்கள். அது ஒத்திகை மட்டும்தான் பார்க்கும், எதையும் நிஜமாகப் போடாது. அடிபட்ட பேக்கேஜை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, மிச்சப் பட்டியலில் முதல் பாதியைச் சேர்த்து ஒத்திகை. விழுந்ததா? அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். விழவில்லையா? அடுத்த பாதிக்குப் போங்கள். எங்கள் பட்டியலில் 24 பெயர்கள் இருந்தன. ஐந்தாவது ஒத்திகையில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்: ஓபன்எஸ்எஸ்எல் கர்லும் ரசீது லைப்ரரியும்.

அப்புறம் ஆப்ட்-கேஷ் ஷோ போட்டு ரசீது லைப்ரரியின் டெவ் பேக்கேஜைப் பார்த்தால், அதன் டிபென்ட்ஸ் வரியில் லிப்கர்ல்4-க்னூடிஎல்எஸ்-டெவ் உட்கார்ந்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல், க்னூடிஎல்எஸ் இரண்டும் கனெக்‌ஷனை மறைகுறியாக்கும் வெவ்வேறு லைப்ரரிகள், கர்லை எதை வைத்தும் கட்டலாம். இந்த இரண்டு கர்ல் டெவ் பேக்கேஜ்களும் ஒன்றுக்கொன்று கான்ஃப்ளிக்ட் என்று அறிவித்தவை. காரணம் எளிது. இரண்டுமே ஒரே பெயருள்ள ஹெடர் ஃபைல்களையும், ஒரே கர்ல்-கான்ஃபிக் ஸ்கிரிப்டையும் ஒரே இடத்தில் வைக்கும். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. ஓடும்போது தேவைப்படும் லைப்ரரிகளுக்கு இந்தத் தகராறு இல்லை. ஃபைல் பெயரும் வேறு, உள்ளே சிம்பலுக்குப் போட்டிருக்கும் வெர்ஷன் முத்திரையும் வேறு என்பதால் அவை ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் வாழும். டெவ் பேக்கேஜ்களுக்கு மட்டும்தான் சக்களத்திச் சண்டை.

இப்போது தீர்வு. இங்கே பலர் நேராக ஒரு பக்கத்து வரியை மாற்றிவிட்டுப் போவார்கள். நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: ரசீது லைப்ரரியின் வெளி ஹெடர்களில் கர்ல் ஹெடர் இன்க்ளூட் ஆகிறதா? கிரெப் போட்டுத் தேடிப் பார்த்தோம். இல்லை. கர்ல் உள்ளே சி ஃபைல்களில் மட்டும்தான் பயன்பட்டது. அப்படியென்றால் அந்த லைப்ரரியை ஷேர்டாக லிங்க் செய்பவனுக்குக் கர்ல் டெவ் பேக்கேஜே தேவையில்லை. ஸ்டாட்டிக் லிங்க்குக்குத்தான் வேண்டும், அது எங்களிடம் யாரும் செய்வதில்லை. ஆகவே அந்த டிபென்ட்ஸையே எடுத்தோம். கூடவே, லைப்ரரியை எப்படி லிங்க் செய்வது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் ஃபைலில் ‘ரிக்வயர்ஸ்’ என்று இருந்ததை ‘ரிக்வயர்ஸ் பிரைவேட்’டுக்கு நகர்த்தினோம். டெபியனில் பிகேஜி-கான்ஃபிக் சில கேள்விகளுக்கு அந்தப் பிரைவேட் வரியையும் தேடிப் பார்க்கும். ஆகவே மாற்றிய பிறகு சுத்தமான ச்ரூட்டில் ஒருமுறை பில்ட் செய்து உறுதிப்படுத்தாமல் விடாதீர்கள்.

ஹெடரில் இன்க்ளூட் ஆகியிருந்தால்? அப்போது டெவ் பேக்கேஜின் டிபென்ட்ஸை ‘க்னூடிஎல்எஸ் கர்ல், இல்லாவிட்டால் லிப்கர்ல்-டெவ்’ என்று நடுவில் கோடு போட்டு எழுதலாம். லிப்கர்ல்-டெவ் என்பது இரண்டும் தருவதாகச் சொல்லும் பொதுப் பெயர், அதனால் யார் ஏற்கெனவே வந்திருக்கிறாரோ அவரே போதும். ஆனால் ஜாக்கிரதை. அந்த லைப்ரரி கர்ல் ஹேண்டிலையே வெளியே நீட்டுகிறது என்றால், ஒரு கர்ல் செய்த ஹேண்டிலை இன்னொரு கர்லிடம் கொடுத்துக் கிராஷ் வாங்குவீர்கள். அங்கே இரண்டு பேரும் ஒரே கர்லுக்கு மாறுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கையால் வெட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு டோஸ்-பில்ட்டெப்செக் என்ற கருவி இருக்கிறது. பேக்கேஜஸ், சோர்சஸ் என்ற இரண்டு இண்டெக்ஸ் ஃபைல்களையும் கொடுத்து, எக்ஸ்பிளெயின், ஃபெயிலியர்ஸ் என்ற ஆப்ஷன்களோடு ஓட்டினால் யார் யாரோடு மோதுகிறார், எந்தச் சங்கிலி வழியாக வந்தார் என்று முழு வம்சாவளியையும் எழுதிவிடும். டெபியன் 13இல் வந்திருக்கும் ஆப்ட் 3.0இலும் இந்த முடிச்சுகளை அவிழ்க்கும் புது சால்வர் ஒன்று உண்டு. நான் இன்னும் பாதி வெட்டும் கட்சிதான், கையோடு பட்டியலும் மனதில் பதிந்துவிடும்.

‘இந்த வெர்ஷன் வேண்டும், ஆனால் அந்த வெர்ஷன்தான் வரும்’ என்கிறது

டெவ் பேக்கேஜ் தன் லைப்ரரியைச் ‘சமம்’ போட்டுக் கேட்கும். 1.2-3 என்றால் 1.2-3தான், ஒரு புள்ளி கூட இருந்தாலும் ஒப்பாது. உங்கள் மெஷினில் அந்த லைப்ரரி 1.2-3க்குப் பின்னால் ஏதோ வால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆப்ட்-கேஷ் பாலிசி, பிறகு அந்த லைப்ரரியின் பெயர்.

வரும் விடையில் மூன்று நட்சத்திரம் போட்ட வரி இப்போது இருக்கும் வெர்ஷன். அதற்குக் கீழே எந்த ரெப்போவிலிருந்து, என்ன முன்னுரிமை எண் என்று இருக்கும். சாதாரண ரெப்போவுக்கு 500, புது வெர்ஷன்களைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் பேக்போர்ட்ஸுக்கு 100. நட்சத்திர வரிக்குக் கீழே டிபிகேஜி ஸ்டேட்டஸ் ஃபைல் மட்டுமே இருந்து, வேறு எந்த முகவரியும் இல்லை என்றால், அந்தப் பேக்கேஜ் அனாதை. யாரோ கையால் போட்ட டெப் ஃபைல், அல்லது எடுத்துவிட்ட பழைய பிபிஏவின் (உபுண்டுவில் தனிநபர் வைக்கும் ரெப்போ) எச்சம். என் அனுபவத்தில் டிபென்டென்சி சண்டை என்று வருவதில் பாதிக்கு மேல் இந்த ரகம். அதாவது பேக்கேஜில் தப்பில்லை, மெஷினில் தப்பு.

அனாதையைத் திரும்ப இழுக்க, ப்ரிஃபரன்சஸ் ஃபைலில் அந்த லைப்ரரிக்கு டெபியனின் சொந்த ரெப்போவைக் குறிப்பிட்டு முன்னுரிமையை 1001 ஆக்குங்கள். ஆயிரத்தைத் தொட்டால்தான் ஆப்ட் வெர்ஷனைக் கீழே இறக்கச் சம்மதிக்கும். 990 கொடுத்துவிட்டு ஏன் அசையவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இறக்கி முடித்ததும் அந்த ஃபைலை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் செக்யூரிட்டி அப்டேட் கூட வராமல் தங்கிப் போகலாம்.

பேக்போர்ட்ஸிலிருந்து ஒரே ஒரு டெவ் பேக்கேஜ் மட்டும் வேண்டும் என்றால், முன்னுரிமையில் கை வைக்காமல் மைனஸ் டி (டார்கெட்டின் டி) கொடுத்து பேக்போர்ட்ஸின் பெயரைச் சொல்லி இன்ஸ்டால் செய்யுங்கள். அதன் கூட வர வேண்டியவையும் அங்கிருந்தே வரும்.

‘இன்ஸ்டாலபிள் இல்லை’ என்கிறது

சீக்கிரம் முடியும் விஷயம். எழுத்துப் பிழையா, பேக்கேஜ் பெயர் மாறியதா, உபுண்டுவில் யூனிவர்ஸ் பகுதியைத் திறக்கவில்லையா, ஆப்ட் அப்டேட் ஓட்ட மறந்ததா, இந்த நான்கையும் பாருங்கள். இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

என் லேப்டாப்பில் ஓடுகிறது, பில்ட் மெஷினில் விழுகிறது

தம்பியின் பிரியமான வசனம். ‘அண்ணா, என்கிட்ட ஓடுதே!’

ஓடத்தான் செய்யும். லேப்டாப்பில் மூன்று வருடமாக என்னென்னவோ இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. பில்ட் மெஷினின் ச்ரூட்டில் பில்ட்-எசென்ஷியலும் நீங்கள் எழுதிக் கேட்டதும் மட்டும்தான் இருக்கும். ரெகமெண்ட்ஸ் என்று வரும் கூடுதல் பேக்கேஜ்கள் அங்கே வராது. அது பழக்கமான காரணம், கன்ட்ரோல் ஃபைலில் விடுபட்டதைச் சேர்த்தால் சரி.

பழக்கமில்லாத காரணம் இன்னொன்று. பில்ட்-டிபென்ட்ஸில் ‘அ அல்லது ஆ’ என்று கோடு போட்டு எழுதியிருப்பீர்கள். லேப்டாப்பில் ஆப்ட் இரண்டையும் பார்த்து, முடிந்ததை எடுத்துக்கொள்ளும். பில்ட் மெஷினில் ச்ரூட்டுக்குள் பில்ட் செய்யும் எஸ்பில்ட், வழக்கமான அமைப்பில் முதல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். ஒரே சோர்ஸ் இன்றைக்கு ஒன்றோடும் நாளைக்கு வேறொன்றோடும் பில்ட் ஆகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்தது. ஆகவே முதல் பெயர் எப்போதும் உங்கள் இலக்கு வெளியீட்டில் நிஜமாகவே இருக்கும் பேக்கேஜாக இருக்கட்டும். பொதுப் பெயரை முதலில் போடாதீர்கள். பைனரி பேக்கேஜின் டிபென்ட்ஸ் வரிக்கு இந்த வெட்டு கிடையாது. மேலே கர்லுக்குச் சொன்ன கோட்டு வைத்தியம் அங்கே பலிப்பது அதனால்தான்.

பில்ட் ஆகிறது, ஆனால் வேறு மாதிரி ஆகிறது

பிழையே வராத பிழை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கரும்புப் பருவமே ஆனது என்றால் நம்புவீர்களா? ஒரே சோர்ஸ், இரண்டு மெஷின், இரண்டும் பச்சை. ஒன்றில் பில்ட் ஆன பேக்கேஜ் ஆலையில் இன்ஸ்டால் ஆனது. மற்றதில் பில்ட் ஆனது, நாங்கள் கேள்விப்படாத ஒரு லைப்ரரியைக் கேட்டு நின்றது.

கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் பல மோப்பம் பிடிக்கும் ரகம். மெஷினில் ஏதாவது லைப்ரரி கண்ணில் பட்டால், கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். இதைப் பிடிக்க டெப்டிஃப் போட்டு இரண்டு டெப் ஃபைல்களின் டிபென்ட்ஸை ஒப்பிடுங்கள். பிறகு பில்ட்இன்ஃபோ ஃபைலைத் திறங்கள். பில்ட் நேரத்தில் இருந்த டிபென்டென்சிகள் எல்லாம் வெர்ஷனோடு அதில் பதிவாகியிருக்கும். இரண்டு மெஷினின் பில்ட்இன்ஃபோவையும் டிஃப் போட்டால் டிபென்டென்சிச் சங்கிலி வழியாக வந்த குற்றவாளி அதில் நிற்பான். பழைய தேதியின் பேக்கேஜ்கள் வேண்டும் என்றால் டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்தில் தேதிவாரியாகக் கிடைக்கும்.

சரி செய்ய இரண்டு வழி. நல்ல வழி, கான்ஃபிகருக்கு ‘அது வேண்டாம்’ என்று வித்தவுட் போட்டு வெளிப்படையாகச் சொல்வது. அந்த ஆப்ஷனே இல்லாத சோர்ஸ் என்றால் பில்ட்-கான்ஃப்ளிக்ட்ஸில் அந்த டெவ் பேக்கேஜின் பெயரை எழுதுவது. அப்போது டிபிகேஜி-செக்பில்ட்டெப்ஸ் அது இருக்கும் மெஷினில் பில்டைத் தொடங்கவே விடாது. இரண்டாவது வழியை நான் கடைசியில்தான் எடுப்பேன். நாளைக்கு வேறொரு டிபென்டென்சி அந்த டெவ் பேக்கேஜைக் கூட்டிக்கொண்டு வந்தால், நாமே போட்ட தடையில் நாமே போய் முட்டிக்கொள்வோம்.

கரண்ட் போய் வந்தபின் எல்லாமே உடைந்ததாகச் சொல்கிறது

2023இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்ட் வெட்டுவது) ஸ்டேஜ் 6 வரை போன காலத்தில் இந்த அறிகுறியை நாங்கள் வாரம் தோறும் பார்த்தோம். யூபிஎஸ் சத்தம் போடும், நாங்கள் டீ குடிக்கப் போயிருப்போம், திரும்பி வந்தால் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டது என்ற செய்தி. லேப்டாப்பாக இருந்தால் டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ, அப்புறம் ஆப்ட்-கெட் மைனஸ் எஃப் இன்ஸ்டால், இந்த வரிசையில். ச்ரூட்டாக இருந்தால் பழுது பார்க்கவே பார்க்காதீர்கள், தூக்கி எறியுங்கள். எஸ்பில்ட்டை அன்ஷேர் முறையில் வைத்திருந்தால் ஒவ்வொரு பில்டும் டார்பாலை (சுத்தமான சிஸ்டத்தை ஒரே ஃபைலாகச் சுருட்டி வைத்த நகல்) புதிதாக விரித்துத்தான் தொடங்கும், இந்தத் தொல்லையே இல்லை. நாங்கள் அதற்கு மாறியது லோட் ஷெட்டிங்கின் புண்ணியம்.

ஏஆர்எம் போர்டுக்கு மட்டும் விழுகிறது

எடை மேடையில் இருக்கும் போர்டு 32 பிட் ஏஆர்எம். ஏஎம்டி64 (சாதாரண 64 பிட் பிசி) மெஷினில் உட்கார்ந்து அதற்குக் கிராஸ் பில்ட் செய்கிறோம். இங்கே வரும் செய்தி விசித்திரமாக இருக்கும்: ஒரு லைப்ரரி தன்னையே ‘பிரேக்ஸ்’ என்று சொல்லும், பக்கத்தில் ‘சமமில்லை’ குறியோடு ஒரு வெர்ஷன் எண். மல்டி-ஆர்ச் ‘சேம்’ என்று குறித்த லைப்ரரி இரண்டு ஆர்க்கிடெக்சரிலும் அச்சு அசலாக ஒரே வெர்ஷனில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று முன்னால் போய்விட்டால் இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. உபுண்டுவில் ஏஆர்எம் பேக்கேஜ்கள் போர்ட்ஸ் என்ற தனி சர்வரில் இருக்கின்றன. நீங்கள் ஏஎம்டி64க்கு உள்ளூர் மிரரையும் ஏஆர்எம்முக்கு போர்ட்ஸையும் வைத்திருந்தால், ஒன்று சிங்க் ஆகி மற்றது ஆகாத சில மணி நேரங்களில் இது வரும். ஆப்ட் அப்டேட் செய்து, காத்திருந்து, மறுபடி ஓட்டுங்கள். மூன்றாம் நபர் ரெப்போ ஏஎம்டி64க்கு மட்டும் புது வெர்ஷன் தருகிறது என்றால் காத்திருந்து பயனில்லை, அதை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு ஏஆர்எம் தகராறு 2024இல் வந்தது. 2038 ஜனவரி 19க்கு மேல் 32 பிட் நேரக் கணக்கு ஓடாது என்பதால், டைம்-டி என்ற நேர வகையை 64 பிட் ஆக்கினார்கள். நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் டி64 என்று வால் முளைத்தது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. உபுண்டு 24.04இலும் டெபியன் 13இலும் இதைப் பார்க்கலாம். ஏஎம்டி64இல் உள்ளே எதுவும் மாறவில்லை என்பதால் புதுப் பேக்கேஜ் பழைய பெயரையும் தருவதாகச் சொல்லிக்கொள்ளும், பழைய டெப் ஃபைல்கள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஏஆர்எம் 32 பிட்டில் நிஜமாகவே உள்ளே மாறிவிட்டது, அதனால் அந்தச் சலுகை இல்லை. ஏஎம்டி64இல் சரி, ஏஆர்எம்மில் மட்டும் விழுகிறது என்றால் நேரே இதைச் சந்தேகப்படுங்கள். சொந்த லைப்ரரிகளை அடியிலிருந்து மேலே, ஒன்றை ஒன்று சார்ந்த வரிசையில், மறுபடி பில்ட் செய்ய வேண்டும். எங்களுக்கு 11 லைப்ரரி, ஒன்றரை நாள். புனித வெள்ளிக்கு உம்பிலோ கோயிலில் எல்லாரும் தீ மிதித்துக்கொண்டிருந்தபோது நான் இங்கே மிதித்துக்கொண்டிருந்தேன்.

பிப் ‘ரிசல்யூஷன் இம்பாசிபிள்’ என்கிறது, அல்லது வீல் பில்ட் ஆகும்போது விழுகிறது

பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவி, வீல் என்பது அது கட்டும் பேக்கேஜ். இந்த இரண்டு பிழைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, நீங்கள் கேட்ட பேக்கேஜ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது. 2020 இறுதியில் வந்த பிப் 20.3 முதல் இதைக் கறாராகச் சொல்கிறது, அதற்கு முன்பு கண்டும் காணாமல் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். செய்தியிலேயே யார் எந்த எல்லை கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கும். நீங்களே கறாராகச் சமம் போட்ட வெர்ஷன்களைத்தான் முதலில் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் ஏமாற்றும். சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது பிப் தனியாக ஒரு தற்காலிக அறை கட்டி, பைப்ராஜெக்ட் ஃபைலில் கேட்ட பில்ட் கருவிகளை அங்கே புதிதாக இறக்கும். உங்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் என்ன இருக்கிறது என்பதை அது சட்டை செய்யாது. 2023 ஜூலையில், பைத்தான் மாதிரிக் கோடைச் சி ஆக்கும் சைத்தான் என்ற கருவியின் வெர்ஷன் 3 வந்தபோது, பைஒய்ஏஎம்எல் என்ற பைத்தான் லைப்ரரியின் பழைய வெர்ஷன்கள் இப்படித்தான் ஒரே இரவில் பில்ட் ஆகாமல் போயின. (அந்தக் கருவியின் பெயரைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, நான் பொறுப்பல்ல.) தம்பி தன் என்விரான்மென்ட்டில் சைத்தான் 0.29ஐப் போட்டுப் போட்டுப் பார்த்தான், அசையவில்லை. அறைக்குள் இருக்கும் சைத்தானை வெளியே நின்று ஓட்ட முடியாது.

செய்ய வேண்டியது: ஒரு சிறு ஃபைலில் ‘சைத்தான் 3க்குக் கீழ்’ என்று எழுதி, பிப்-கன்ஸ்ட்ரெயின்ட் என்ற என்விரான்மென்ட் மாறியில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள். மைனஸ் சி கொடுத்தால் அறைக்குள் போகாது, மாறியாகக் கொடுத்தால் போகும். புதிய பிப்பில் இதற்கென்றே பில்ட்-கன்ஸ்ட்ரெயின்ட் என்று தனி ஆப்ஷன் வந்திருக்கிறது, அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பைஒய்ஏஎம்எல் 6.0.1க்கு ஏற முடிந்தால் இதெல்லாம் வேண்டாம், அவர்களே எல்லை போட்டுவிட்டார்கள்.

எல்லாம் பில்ட் ஆகி, இன்ஸ்டால் ஆகி, ஓடும்போது செத்துப்போகிறது

டெபியன் 9 ஸ்ட்ரெட்ச் 2017 ஜூனில் வந்தபோது உள்ளே இரண்டு ஓபன்எஸ்எஸ்எல் இருந்தன, 1.0.2உம் 1.1உம். டெவ் பேக்கேஜ்கள் லிப்எஸ்எஸ்எல்1.0-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்று இரண்டு, ஒன்றோடொன்று கான்ஃப்ளிக்ட். ஒரு சோர்ஸுக்குள் இரண்டையும் கொண்டுவர முடியாது, அதுவரை பாதுகாப்பு. ஆனால் உங்கள் புரோகிராம் ஒன்றோடும், நீங்கள் லிங்க் செய்யும் லைப்ரரி முன்பே மற்றொன்றோடும் பில்ட் ஆகியிருந்தால் ஆப்ட் வாயே திறக்காது. ஓடும்போது ஒரே பிராசஸுக்குள் இரண்டும் ஏறும். ஒன்று உருவாக்கிய கனெக்‌ஷனை இன்னொன்றின் கையில் கொடுத்த நிமிடம் பிராசஸ் செத்தது.

அந்த வெளியீடு பழையது, நோய் பழையதல்ல. எந்த லைப்ரரிகள் ஏறும் என்று காட்டும் எல்டிடியைப் பைனரியின் மேல் ஓட்டி, லிப்எஸ்எஸ்எல் என்று கிரெப் செய்யுங்கள். இரண்டு வரி, இரண்டு வெவ்வேறு எண் வந்தால் அதுதான். பிளகினாக ஓடும்போது ஏறும் லைப்ரரியை எல்டிடி காட்டாது. அதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் மேப்ஸ் ஃபைலை ப்ராக் டைரக்டரியில் பாருங்கள். மருந்து ஒன்றுதான், பின்தங்கிய லைப்ரரியை மறுபடி பில்ட் செய்வது.

கை துறுதுறுக்கும்போது

டிபிகேஜி-பில்ட்பேக்கேஜுக்கு மைனஸ் டி (இங்கே டிபென்டென்சியின் டி) கொடுத்தால் டிபென்டென்சி சோதனையையே தாண்டிவிடும். சோர்ஸ் பேக்கேஜ் மட்டும் கட்டும்போது அது நியாயம், பைனரிக்கு அல்ல. டெஸ்டுக்கு மட்டும் தேவைப்படும் ஒரு பேக்கேஜ்தான் தகராறு செய்கிறது என்றால், பில்ட்-டிபென்ட்ஸில் அதன் பக்கத்தில் ‘நோசெக் இல்லாதபோது’ என்ற புரொஃபைல் குறியைப் போட்டு, அந்தப் புரொஃபைலோடு பில்ட் செய்யலாம். டாக்குமென்ட் கட்டும் கருவி என்றால் பில்ட்-டிபென்ட்ஸ்-இன்டெப்புக்கு நகர்த்தலாம். இவை நேர்மையான வழிகள்.

ஈக்விவ்ஸ் வைத்து வெறும் பெயர் மட்டும் உள்ள போலிப் பேக்கேஜ் செய்து ஆப்ட்டின் வாயை அடைப்பது அப்படியல்ல. நானும் ஒருமுறை செய்தேன், அவசரம் என்று சொல்லிக்கொண்டு. இரண்டு வருடம் கழித்துத் தம்பி ஒரு ஹெடர் கிடைக்கவில்லை என்று வந்தான். பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகியிருப்பதாக ஆப்ட் சொல்கிறது, டிபிகேஜி மைனஸ் பெரிய எல் போட்டால் உள்ளே ரீட்மி மாதிரி டாக்குமென்ட்களைத் தவிர ஒரு ஃபைலும் இல்லை. மெயின்டெய்னர் என்ற இடத்தில் என் பெயர். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ச்ரூட்டை அழித்துப் புதிதாகப் போட ஆறு நிமிடம் ஆனது.